நாய் வரியும் ஏழையின் முற்றமும்

களனி கங்கையின் கழிமுகத்துக்குத் தெற்கே அமைந்த கொழும்பு மாநகரில், 1848ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி, புதிய வரிகளை எதிர்த்து மக்கள் பெருந்திரளாகக் கூடினர். தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்த அவ்வரிகளுள் நாய் வரியும் ஒன்று. நாயொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சிலிங்.

அத்தொகையின் பாரத்தை அரசாங்கமே அளந்து வைத்திருந்தது. அதே ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டப்படி ஆடவர் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும்; அன்றேல் மூன்று சிலிங் செலுத்தல் வேண்டும். ஆகவே அரசின் கணக்கின்படியே ஒரு நாயை வைத்திருப்பது இரண்டு நாள் உழைப்புக்குச் சமமாயிற்று. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க நாயை நம்பியிருந்த குடியானவன் என் செய்வான்? வரியைக் கட்டவேண்டும், அல்லது நாயைக் கைவிடவேண்டும். அவ்வாண்டிலேயே நுவரெலியாவிற் குடியேறப் புறப்பட்ட சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்க் கூட்டமொன்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அத்தகையோருக்குச் சிலிங் ஒரு பொருட்டா?

கிளர்ச்சி கண்டி நாட்டிலும் மூண்டு, இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டது. நாய் வரியோ விரைவிற் கைவிடப்பட்டது. டொரிங்டனும் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார்.

பின்னர் விசர்நாய்க்கடி அச்சம் வேறு சட்டங்களைக் கொணர்ந்தது. 1893இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. அவ்வச்சம் வீண் அச்சமன்று. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். எனினும் சட்டத்தின் கை எல்லா வீட்டு நாய்களையும் ஒரேவிதமாகத் தீண்டவில்லை. வெள்ளவத்தையில் மதிலும் படலையும் உள்ள வளவில் வளர்ந்த நாய், பதிவு செய்யப்படாவிடினும் பிடிகாரர் கண்ணிற் படுவதரிது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையிற் குடியிருந்த துறைமுகத் தொழிலாளியின் நாய்க்கோ தெருவே முற்றம். அயலார் யாவரும் சோறிட்டு வளர்த்தாலும், சட்டத்தின் பார்வையில் அது கட்டாக்காலி நாயே. மதில் கட்ட வசதியில்லாமை நாயின் குற்றமாயிற்று!

2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என அரசு முடிவு செய்தது. மறு ஆண்டு கொழும்பு மாநகர சபையும் புளூ போ நிதியமும் இணைந்து, நாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி ஏற்றும் திட்டத்தைத் தொடங்கின. பிடிபட்ட நாய் மீண்டும் தன் தெருவிலேயே விடப்பட்டது. தெருவையும் ஒரு வீடாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மருந்தும் எட்டா விலைக்கு ஏறின. அப்பொழுது தெருவில் விடப்பட்டவற்றுள், மதிலுள்ள வீடுகளில் வளர்ந்த உயர்சாதி நாய்களும் இருந்தன. தெருவிற் பிழைக்கும் வித்தை அவற்றுக்குத் தெரியாது.