நுரையீரல் புற்றுநோய்: பராமரிப்பவருக்கான தடுப்பு, பிறை வட்டாரம்

நுரையீரல் புற்றுநோய் என்பது மூச்சுக்குழல்களிலும் காற்றறைகளிலும் உள்ள உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தொற்றாது என்று கேட்டதும் வீட்டார் ஆறுதலடைகிறார்கள். ஆனால் நோயாளி பல ஆண்டுகள் சுவாசித்த அதே காற்றைத்தான் அவர்களும் சுவாசித்தார்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு (2012–2016) காட்டுகிறபடி, இந்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்படுகிறார்கள். மனைவியோ மகளோ பராமரிப்பவராக மாறும்போது நோயாளியைப் பொறுத்தவரை தடுப்புக்கான காலம் கடந்திருக்கும். அந்த வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது கடந்துவிடவில்லை.

1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தாக்கேஷி ஹிராயாமா, புகைக்கும் கணவர்களோடு வாழ்ந்த, தாங்கள் புகைக்காத மனைவியருக்கு இந்நோய் கூடுதலாக வருவதை வெளியிட்டார். சிகரெட் நிறுவனங்கள் கடுமையாக மறுத்தும் அந்த முடிவு நிலைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் விடும் புகையை உறுதியான புற்றுக்காரணிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. மலேசியாவின் பிறையில் இதற்கு ஒரு பதில் எளிதாகக் கிடைக்கும்: 1960களில் சீனி ஆலையும் மலாயவாத்தா எஃகு ஆலையும் வந்த நாள் முதல் தொழிற்சாலைக்கும் துறைமுக லோரிகளுக்கும் நடுவே வாழும் ஊரில் ஒரு சிகரெட்டை அணைத்து என்ன ஆகப்போகிறது? இந்த வாதம் பாதி சரி. டீசல் புகை 2012இலும் வெளிக்காற்று மாசு 2013இலும் பற்றவைப்புப் புகை 2017இலும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் மறுபாதி தவறு. கல்நார்த் தூசில் உழைத்தவர் புகைக்கவும் செய்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. வேலையிடத்துக் காற்று கெட்டிருக்கும் ஊரில்தான் சிகரெட்டை விடுவதற்கு மதிப்பு கூடுதல். ஆலையின் புகைபோக்கி மீது குடும்பத்துக்கு அதிகாரமில்லை; கூடத்தில் என்ன புகையும் என்பதில் உண்டு.

சட்டமும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உணவகங்களில் 2019 சனவரி முதல் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கெனத் தனிச் சட்டமே நடப்பில் உள்ளது. குடியிருக்கும் வீட்டுக்கு இவை வருவதில்லை. வீட்டுக்குள், புகைக்கும் நோயாளியைப் பற்றி 'வந்தது வந்துவிட்டது, இனி அவர் ஆசைக்கு விட்டுவிடுவோம்' என்று இரக்கத்தோடு சொல்பவர்கள் உண்டு. அந்த இரக்கம் புரிகிறது, ஆனால் தொடக்கக் கட்ட நோயாளிகளில் கண்டறிந்த பின்னாவது சிகரெட்டை விட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கடைசிக் கட்டத்திலும் மூச்சிரைப்பு சற்றுக் குறைய வாய்ப்புண்டு. பழியாகச் சொன்னால் நோயாளி ஒளிந்து புகைப்பார்; அதனால் வீட்டில் புகைக்கும் மற்றவர்களும் சேர்ந்தே அரசு சுகாதார நிலையத்துப் புகைநிறுத்தச் சிகிச்சைக்குப் போவது நல்லது. புகைக்காதவர்களுக்கும், குறிப்பாக ஆசியப் பெண்களுக்கு, இந்நோய் வருகிறது என்பதால் நோயாளியைக் கண்டதும் குற்றம் தேடுவதும் முறையல்ல.

எல்லாரும் ஸ்கேன் எடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. 53,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் கடும் புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் இந்நோய் மரணத்தை எக்ஸ்ரேயோடு ஒப்பிட 20 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில் ஸ்கேன் சந்தேகப்பட்டவற்றில் 96 விழுக்காடு புற்றே அல்ல. ஆகவே ஆபத்து குறைந்தவர்கள் வீணாகக் கலங்க நேரும். தைவான் 2022இல் தொடங்கிய ஸ்கேன் திட்டத்தில் கடும் புகையாளர்களோடு, நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரையும் குறித்த வயதுக்குப் பின் சேர்த்துக்கொண்டது. பராமரிக்கும் மகளும் தம்பியும் இந்த வரிசையில் வருகிறார்கள். மருத்துவரிடம் நோயாளிக்காகப் பேசும்போதே தங்கள் வயதையும் புகைத்த ஆண்டுகளையும் அவர்கள் சொல்லிவிடலாம். மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை நுரையீரல் புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் பொது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லையென்று வந்தால் வீடே நிம்மதியாகிவிடுகிறது. அந்தத் தாள் விலக்கியது ஒரே ஒரு நோயை.