கவசம் முகத்துக்கா, தாடைக்கா?



முகக்கவசம் நோய் பரவுவதைக் குறைக்கும் என்ற அணியில் பேச வந்திருக்கிறேன். நான் விம்கோ நகர்க்காரன். ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பேரையே ஊர்ப் பேரா வச்சுக்கிட்டவங்க நாங்க. ஒரு குச்சி எவ்வளவு தூரம் பத்த வைக்கும்னு எங்களுக்குச் சொல்லித் தரணுமா? (கைதட்டல்)

எதிரணி நண்பர் கேட்டார்: "வைரஸ் கண்ணுக்கே தெரியாது, அதைத் துணி போட்டுத் தடுக்க முடியுமா?" நல்ல கேள்விதான். ஆனா வைரஸ் தனியா நடந்து வர்றதில்லீங்க. எச்சில் துளியிலயும் மூச்சுக்காத்தோட நுண்துளியிலயும் ஏறித்தான் வருது. வண்டியை மறிச்சா பயணி எப்படி வருவான்? (சிரிப்பு)

வரலாற்றைப் பாருங்க. 1910-ஆம் ஆண்டு கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக். அதை அடக்கப் போனவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியன் டே. இந்த நோய் மூச்சுக்காத்து வழியாப் பரவுது, பஞ்சும் வலைத்துணியும் வச்சு மூக்கை மூடுங்கன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளியைப் பார்த்தார். சில நாட்களில் இறந்துபோனார். அது பாக்டீரியா, இது வைரஸ், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டுக்கும் வாசல் மூக்குதானே ஐயா?

1919-ல் சான்பிரான்சிஸ்கோவில் முகக்கவச எதிர்ப்புச் சங்கமே வச்சாங்க. நம்ம பட்டிமன்றத்துக்கு வயசு நூறு தாண்டிடுச்சு! (சிரிப்பு)

நண்பர் டென்மார்க் ஆய்வைச் சொன்னார். 2020-ல் சுமார் 6,000 பேர். கவசம் போட்டவர்களில் 1.8 சதவீதம், போடாதவர்களில் 2.1 சதவீதம் பேருக்குத் தொற்று. வித்தியாசம் உறுதியில்லை, உண்மை. ஆனா அது, போட்டவரை அது காத்ததான்னு மட்டும்தான் பார்த்தது. ஊரே போட்டா என்ன ஆகும்? வங்கதேசத்தில் 600 கிராமங்களில் பார்த்தாங்க. போடுறவங்க 13 சதவீதத்திலிருந்து 42 ஆனாங்க. மருத்துவக் கவசம் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று 11 சதவீதம் குறைஞ்சது. அறுபது வயசு தாண்டினவங்களிடம் 35 சதவீதம். துணிக் கவசத்துக்கு அவ்வளவு உறுதியான பலன் தெரியலை. எங்கம்மா பழைய வேட்டியில் தைச்சது வீணான்னு கேட்காதீங்க, வீட்டுக்குப் போகணும்! (சிரிப்பு)

"11 சதவீதம் ஒரு கணக்கா?"ன்னு கேட்கலாம். எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன்.

2020 செப்டம்பரில் கவசம் போடாட்டி 200 ரூபாய் அபராதம்னு வந்தது. என் சித்தப்பா தாடையில மாட்டிக்கிட்டே திரிவார். போலீஸைப் பார்த்தா மட்டும் மேலே ஏத்துவார். அவர் அபராதமும் கட்டலை, அவருக்குப் பெரிசா காய்ச்சலும் வரலை. ரெண்டு நாள் தொண்டைக் கரகரப்பு, அவ்வளவுதான். அடுத்த வாரம் 71 வயசுப் பாட்டிக்கு மூச்சு வாங்கிச்சு. திரும்பி வரலை.

சித்தப்பாகிட்டயிருந்துதான் வந்ததுன்னு நான் சொல்லலை. யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா 2021 பிப்ரவரி 14-ல் எங்க ஊருக்கு மெட்ரோ ரயில் வந்தப்போ, அந்தக் கூட்டத்தில் மூக்கு மேல இழுத்து இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு நின்னவர் அவர்தான். "எனக்காக இல்லடா, எதிர்ல யாராவது வீட்டுப் பாட்டி இருப்பாங்க"ன்னார்.

நடுவர் அவர்களே, கவசம் கோட்டைச் சுவர் இல்லை. ஆனா மழைக்குக் குடை பிடிச்சா கால் நனையுதேன்னு யாராவது குடையைத் தூக்கி எறிவாங்களா? சொல்லுங்க! (கைதட்டல்)