ஏழைவரியும் தறியும்

தாமலிலிருந்து காஞ்சிபுரத்திற்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் மணிமேகலை என் நினைவிற்கு வருவாள். மழையின்றி வாடிய கச்சி மாநகரில் அமுதசுரபியோடு அவள் வந்து சேர்ந்தபோது, உணவு பெறக் கூடியவர்களுள் பார்வையற்றோரையும் செவி கேளாதோரையும் கால் முடமானோரையும் சாத்தனார் தவறாமல் சேர்க்கிறார். இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, மறுநாளும் அவர்கள் வரிசையில் வந்து நிற்கத்தானே வேண்டும்?"

காப்பியத்திற்குள் நான் தேடியும் கிடைக்காத விடையின் ஒரு பகுதி, இஸ்லாமிய வரலாற்றில் கிடைத்தது.

நம் முஸ்லிம் பெரியவர்கள் ஏழைவரி என்று அழகாகத் தமிழ்ப்படுத்திய ஜகாத், மனம் இரங்கியபோது இடும் பிச்சையன்று. குறிப்பிட்ட அளவிற்கு மேல் ஓராண்டு தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது ஒரு லட்ச ரூபாய்க்கு 2,500 ரூபாய். செல்வரின் பொருளில் கேட்பவருக்கும், கேட்க இயலாது விடுபட்டவருக்கும் உரிமை உண்டு என்பது குர்ஆனின் நிலைப்பாடு. ஜகாத் பெறத்தக்கோர் என அது வகுக்கும் எட்டுப் பிரிவுகளில் உடற்குறை தனிப் பிரிவாக இல்லை. வறியவர் என்ற முறையிலேயே மாற்றுத்திறனாளி அதனைப் பெறுகிறார். குறை தகுதியாவதில்லை, வறுமையே தகுதியாகிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இரண்டாம் கலீஃபா உமர், பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் இரந்து நிற்பதைக் கண்டார். வீட்டிற்கு அழைத்துச் சென்று உதவியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று எனக் கூறி, பொதுக் கருவூலத்திலிருந்து உதவுமாறு ஆணையிட்டார். 8ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் அபூ யூசுஃப் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். ஜகாத் முஸ்லிம் வறியவர்க்கே உரியது என்று பின்வந்த சட்ட அறிஞர்களுள் பெரும்பாலோர் வரையறுத்தனர். பொதுவான தருமமாகிய சதகாவிற்கு அத்தடை இல்லை.

கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீத், தொழுநோயாளருக்கு உதவித்தொகை அளித்து இரத்தலைத் தடுத்தார். நடக்க இயலாதவருக்குப் பணியாளையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்கிறார் வரலாற்றாசிரியர் தபரீ. சோறு மட்டும் போதாது, துணையும் வேண்டும் என்பதை அன்றே ஓர் அரசு உணர்ந்திருக்கிறது!

என் மாணவரின் கேள்விக்கு நேரான விடை, 13ஆம் நூற்றாண்டு ஷாஃபி சட்ட அறிஞர் இமாம் நவவியிடம் உள்ளது. தொழில் தெரிந்த வறியவருக்கு ஜகாத்திலிருந்து அத்தொழிலுக்குரிய கருவிகளையே வாங்கித் தரலாம். உழைக்க இயலாதவருக்கோ வாழ்நாள் முழுவதற்கும் போதுமான ஏற்பாடு வேண்டும். வருவாய் தரும் சொத்தாகவும் அது அமையலாம். காஞ்சிபுரத்து மொழியில் சொன்னால், நெய்யத் தெரிந்தவருக்குத் தறி. நெய்ய முடியாதவருக்கு வாடகை தரும் வீடு. இரண்டின் நோக்கமும், மறுநாள் அவரை வரிசையில் நிற்க விடாமை.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது இந்த ஷாஃபி மரபையே. ஆயினும் அக்கடற்கரையில்தான், செத்தும் கொடுத்தவர் எனப் புகழ்பெற்ற சீதக்காதியின் கீழக்கரைக்கு அருகில், ஏர்வாடி இருக்கிறது. மனநலம் வேண்டி எல்லாச் சமயத்தாரும் நாடி வரும் தர்கா அங்குள்ளது. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியலில், அவ்வூர்த் தனியார் காப்பகம் ஒன்றின் கூரை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன.

அவர்களைச் சங்கிலியில் விட்டுச் சென்றவை வெவ்வேறு சமயக் குடும்பங்கள். ஆகவே இதனை ஒரு சமயத்தின் குறையாகக் கொள்வது பிழை. கொடைக்குப் பெயர் பெற்ற மண்ணில், கொடுப்போர் குறைவில்லாத ஓரிடத்தின் அருகிலேயே இது நிகழ்ந்தது என்பதே நெஞ்சை அறுக்கிறது. நாணயம் விழுந்த கைகளுக்கு, அவர்களின் உரிமையைக் கணக்கிட்டுத் தர ஒருவரும் இல்லை.

இன்று பல ஜமாஅத்துகள் பைத்துல்மால் என்னும் பொதுநிதியில் ஜகாத்தைத் திரட்டித் தருகின்றன. நாட்டின் சட்டமும் 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்றே பெயர் சூடிக்கொண்டது. ரமலானில் சில்லறையாகச் சிதறும் தொகைகள் ஒன்று சேர்ந்தால், ஒவ்வோர் ஊரிலும் ஆண்டிற்கு ஒருவரையேனும் வரிசையிலிருந்து விடுவிக்கலாம். என் மாணவருக்கு இவ்வளவே விடை சொல்ல முடிந்தது.