சூலும் ஈற்றும்: மகப்பேற்றுக் கலைச்சொற்களின் வரலாறு

முன்னுரை

ஒரு துறையின் கலைச்சொல் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு சொல் தமிழா, வடசொல்லா, ஆங்கிலச் சொல்லா என்னும் வினாவுடன் அமைந்துவிடுவது வழக்கம். மகப்பேற்றுத் துறைக்கு அவ்வினா போதுமானதன்று. கருவுறுதல் முதல் ஈன்ற பின்னர் வரும் நாள்கள் ஈறாக உள்ள ஒவ்வொரு நிலையையும் பிரித்தறிவதிலேயே தாய், சேய் ஆகிய இருவரின் உயிரும் அடங்கியுள்ளது. எனவே இத்துறைச் சொற்களை அவற்றின் பிறப்பு நோக்கி மட்டுமன்றி, அவை காக்கும் வேறுபாடு நோக்கியும் மதிப்பிடல் வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பண்டைச் சொற்கள்

தொல்காப்பிய உரியியல் இத்துறை சார்ந்த இரு சொற்களுக்குப் பொருள் கூறுகிறது. ‘வயா’ என்பது வேட்கைப் பெருக்கம். ‘புனிறு’ என்பது ஈன்றணிமை. முன்னது சூல்கொண்ட மகளிர்க்குத் தோன்றும் விருப்பத்தைக் குறிக்கவும் வழங்கிற்று. பின்னது ஈன்றதை அடுத்த காலத்தைத் தனியொரு நிலையாகக் கொண்டு பெயரிடுகிறது. நற்றிணை 40ஆம் பாடல் மகவு பிறந்த மனையைக் காட்சிப்படுத்துகையில் புனிறு நாறும் செவிலியையும், ஐயவியையும், நெய்யாட்டையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. மகவு பிறந்தவுடன் பேறு முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னரும் காவல் வேண்டும் காலம் ஒன்றுண்டு என்னும் அறிவு அச்சொல்லில் பொதிந்துள்ளது. ஈன்ற பின் வரும் ஆறு வாரங்களை இன்றைய மருத்துவம் தனிக் காலமாகக் கொள்வது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றினும் இன்றியமையாதது ‘சூல்’, ‘ஈற்று’ என்னும் சொற்களிடையே உள்ள வேறுபாடாகும். சூல் என்பது கருவைத் தாங்கியிருக்கும் நிலை. ஈற்று என்பது அதனை வெளிப்படுத்தும் வினை. குறுந்தொகை 287ஆம் பாடலில் நீர் நிறைந்த முகிலுக்கு உவமையாக வரும் மகளிர் ‘கடுஞ்சூல்’ உடையவர். இச்சொல்லுக்கு முதற்சூல் என்பது பொருள். எண்ணப்படுவது இங்குச் சூலேயன்றி ஈற்றன்று. ‘தலையீற்று’ என்னும்போது எண்ணப்படுவது ஈனும் முறை. ஆகவே எத்தனை முறை கருவுற்றாள், எத்தனை முறை ஈன்றாள் என இரு கணக்குகளைத் தனித்தனியே வைப்பதற்கான சொற்கள் தமிழில் முன்னரே இருந்தன.

பிற்காலத்தில் இச்சொற்களின் ஆட்சி சுருங்கியது. ஈனுதல், தலையீற்று ஆகியன பேச்சு வழக்கில் பெரிதும் ஆவினத்தைச் சார்ந்தன. சூல் என்பது பயிருக்கும் தாவரவியலுக்கும் உரியதாயிற்று. மகளிர்க்குக் ‘கர்ப்பம்’, ‘பிரசவம்’ என்பன நிலைபெற்றன.

வடசொல் வழக்கு

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கருவின் தோற்றத்தைப் பேசும் பகுதி ‘கர்ப்பக்கிரியை’ எனப் பெயர் பெறுகிறது. திருவாசகத்துப் போற்றித் திருவகவலோ கருவில் வளரும் உயிர் கடந்துவரும் இடர்களைத் திங்கள் வாரியாக, பத்துத் திங்கள் வரை அடுக்கிக் கூறுகிறது. பத்துத் திங்கள் என்னும் இக்கணக்கைக் கவிதை மரபு மட்டுமே எனக் கொள்ளுதல் பொருந்தாது. இருபத்தெட்டு நாள் கொண்ட திங்கள் பத்து ஆயின் 280 நாள். இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து இன்றைய மருத்துவம் எண்ணுவதும் 280 நாளே.

பிரசவம் என்பதன் இனமான சொல்லொன்று நிறுவனப் பெயரிலும் இடம்பெற்றது. ஆந்திர மாநிலத்து மல்காபுரத்தில் உள்ள, காகதீய அரசி உருத்திரமாதேவி காலத்து 1261ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மருத்துவச் சாலையுடன் ‘பிரசூதி சாலை’ ஒன்றுக்கும் வருவாய் ஒதுக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது.

வடசொற்கள் தமிழில் பொருள் திரிந்ததும் உண்டு. வடமொழியில் மகப்பேற்றுத் தீட்டைக் குறித்த ‘சூதகம்’ தமிழில் மாதவிலக்கையும் குறிக்கலாயிற்று. சொல் நிலைத்தது, வேறுபாடு நிலைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து முயற்சி

ஐரோப்பிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய முன்னோடி சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். அமெரிக்க மிசன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், இடையில் தாயகம் சென்ற ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை அங்குப் பணியாற்றினார். மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். டப்ளின் மருத்துவர் மோன்செல் எழுதிய மகப்பேற்று நூல் அவர் முயற்சியால் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் பெயரில் 1857இல் தமிழில் வெளிவந்தது. அவர் முதன்முதல் வெளியிட்ட நூல்களுள் மகப்பேறு பற்றியதும் ஒன்றாக அமைந்தமை கருதத்தக்கது.

‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்னும் பிற நூற்பெயர்கள் அவர்தம் சொல்லாக்க நெறியைப் புலப்படுத்துகின்றன. கற்றோர் அறிந்த வடசொல் கிடைத்தவிடத்து அது கொள்ளப்பட்டது. கிடைக்காதவிடத்து ஆங்கிலச் சொல் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரிக்கப்பட்டது. அவர்முன் இருந்தோர் தமிழ்வழி பயிலும் மருத்துவ மாணவர்கள். அவர்கட்கு அந்நெறி பயன்பட்டது எனலாம்.

மகளிர் வழக்கு

நூல் வழக்கிற்கு இணையாக, மருத்துவச்சியரும் மகளிரும் ஆண்ட சொற்றொகுதி ஒன்று இடையறாது வந்துள்ளது. ‘முழுகாமல் இருத்தல்’ என்னும் தொடரை இடக்கரடக்கல் என்று மட்டும் கூறிவிடலாகாது. மாதவிலக்குக்குப் பின் தலைமுழுகும் நாள் தவறியதே கருவுற்றதன் முதல் அடையாளம் என்னும் கணிப்பு அதில் உள்ளது. பனிக்குடம், நச்சுக்கொடி, பொய்வலி, இடுப்புவலி என்பன உறுப்பையும் நிகழ்வையும் ஐயமின்றிச் சுட்டுகின்றன. பனிக்குடம் உடைந்தது என்று கூறும் பெண்ணுக்கும் அதனைக் கேட்கும் மருத்துவர்க்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல் தொகுப்புகளுள் பனிக்குடமும் நச்சுக்கொடியும் இடம்பெற்று நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

மகளிர் வழக்கு முழுவதும் இவ்வாறு தெளிவுடையது என்று கூறவும் இயலாது. ‘பிரசவ ஜன்னி’ என்பது பேறுகாலத்து வலிப்பையும், ஈன்ற பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலையும் பிதற்றலையும் ஒருங்கே குறிக்க வழங்கியது. முன்னது உயர் குருதியழுத்தத்தைச் சார்ந்தது. பின்னது தூய்மையின்மையால் பரவுவது. கைகழுவுதலால் அக்காய்ச்சல் குறையும் என்பதை வியன்னாவில் செம்மல்வைசு கண்டதும் கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847ஆம் ஆண்டிலேயே ஆகும். இரு நோய்க்கும் மருந்தும் காப்பும் வெவ்வேறாக இருக்கையில் பெயர் ஒன்றாக இருத்தல் இடர் பயக்கும். ‘சூல்வலிப்பு’ என்றும் ‘பேறுகாலக் காய்ச்சல்’ என்றும் பிரித்துப் பெயரிட்டமை இக்கால அறிவியல் தமிழ் செய்த நன்மைகளுள் ஒன்று.

இக்கால ஆட்சி

அரசு வழக்கில் இன்று ஓங்கி நிற்பது ‘மகப்பேறு’. பேறு என்பது பெறுதற்குரிய நன்மை. திருக்குறளின் ஏழாம் அதிகாரத் தலைப்பாகிய ‘மக்கட்பேறு’ நன்மக்களைப் பெறும் நிலையையே சுட்டுகிறது. இன்று மகப்பேறு என்பது வலி தொடங்கி நச்சுக்கொடி வெளிப்படும் வரையுள்ள உடல் நிகழ்வையும், விரிந்த பொருளில் கருவுற்ற காலத்தையும் உள்ளடக்குகிறது. மங்கலமான இச்சொல்லின் குறையும் இவ்விரிவே.

‘இது எத்தனையாவது பிரசவம்?’ என்று கேட்கப்படும் பெண், முன்னர்க் கரு கலைந்திருப்பின் அதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வினாவுக்கு அவள் கூறும் விடை சரியானதே; வினாவே பிழையானது. தாயின் குருதி ரீசஸ் எதிர்மறை வகையாயின், கலைந்த கருவும் அடுத்த சேயைப் பாதிக்கும் எதிர்ப்பொருளைத் தாயுடலில் தோற்றுவித்திருத்தல் கூடும். ஆதலின் சூலின் எண்ணிக்கையும் ஈற்றின் எண்ணிக்கையும் தனித்தனியே அறியப்படல் வேண்டும். மருத்துவக் குறிப்பேடு இவ்விரண்டையும் பிரித்தே பதிகிறது. பொதுத்தமிழ் வினா அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது.

முடிவுரை

தமிழ் மகப்பேற்றுச் சொற்களுள் பனிக்குடம் மகளிர் தந்தது. பிரசவம் வடமொழி தந்தது. சூல்வலிப்பு சொல்லாக்கத்தார் தந்தது. மூன்றும் வேறுபாட்டைக் காக்குமளவிற்குப் பயனுடையன. கடுஞ்சூல் என்று எண்ணத் தெரிந்த மொழி, இன்று அவ்வெண்ணிக்கையைக் கேட்க மறந்துள்ளது. சூல், ஈற்று என்னும் சொற்களையே மீட்க வேண்டும் என்பதில்லை. ‘எத்தனை முறை கருவுற்றீர்கள்? எத்தனை முறை குழந்தை பெற்றீர்கள்?’ என இரண்டாகக் கேட்டாலே போதும். இலக்கண ஆசிரியர் புனிற்றுக்குத் தனிப்பொருள் வகுத்த அதே நுண்மையை மருத்துவமனையின் வாயிலிலும் எதிர்பார்த்தல் மிகையாகாது.