மெடிகா மம்பா

ஹைட்டியில் எலும்பும் தோலுமாக மெலிந்துபோன குழந்தைகளைத் தேற்றுவதற்காக அந்நாட்டிலேயே தயாராகும் கடலை விழுதின் பெயர் மெடிகா மம்பா. வறுத்து அரைத்த நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், அவற்றுடன் வைட்டமின்களும் தாது உப்புகளும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுகூடக் கிடையாது. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

ஈரமில்லாத விழுதில் கிருமி பெருகாது. இதற்கு முன் புழக்கத்தில் இருந்த எஃப்-100 என்ற சிகிச்சைப் பாலைச் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும், உடனே புகட்டிவிடவும் வேண்டும். ஆகவே தாயும் பிள்ளையும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கினார்கள். வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? 1996-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந், நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷெல் லெஸ்கானுடன் சேர்ந்து, பால் பவுடரின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கடலை விழுதைச் சேர்த்து 'பிளம்பிநட்'டை உருவாக்கினார். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. மூலையைக் கிழித்துக் கொடுத்தால் போதும், குழந்தை உறிஞ்சித் தின்னும். வீட்டில் வைத்தே தேற்றும் இந்த முறையை 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆதரித்தன.

இந்த விழுதைக் கடலை விளைகிற ஊரிலேயே அரைத்தால் உழவருக்கும் காசு வருமே என்ற யோசனை மலாவியில் மருத்துவர் மார்க் மனாரியின் முயற்சியில் உருப்பெற்றது. ஹைட்டியில் அதைக் கையில் எடுத்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பட்ரீஷியா வுல்ஃப். அவர் 2003-இல் தொடங்கிய தொண்டு நிறுவனத்துக்கு இப்போது காப்-ஹைசியன் நகரருகே தொழிற்சாலையே உண்டு.

அரைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கடலையில்தான் தொல்லை. சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அது கக்கும் ஆஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது. நோயாளிக் குழந்தைக்கான உணவில் இதற்குத் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதால் வரும் கடலையைச் சோதிக்க வேண்டும், சொத்தையைப் பொறுக்கி எறிய வேண்டும், அறுவடைக்குப் பின் உலர்த்தும் பக்குவத்தை உழவர்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டும்.

உள்ளூர்த் தயாரிப்பு என்றாலே மலிவு என்று நினைப்பது தவறு. புரதத்தில் பாதியாவது பாலிலிருந்து வரவேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பால் பவுடரோ பெரும்பாலும் கப்பலில்தான் வந்து இறங்குகிறது. பாலை விட்டுவிட்டு சோயா, மக்காச்சோளம், வெள்ளைச்சோளத்தோடு அமினோ அமிலங்களைச் சேர்த்த ஒரு விழுதை மலாவியில் சோதித்தபோது, குழந்தைகள் தேறிய விகிதம் பால் சேர்த்ததற்கு ஈடாகவே இருந்தது.