உரிய உதவி உரியவரை அடையாமை ஏன்?
இங்கிலாந்து தேசத்து முதியோர் உபகாரச் சம்பளத்தின் சரித்திரம்

சர்க்கார் ஓர் உதவியைச் சட்டமாக்கிவிட்டால் அது ஏழைகளின் கைக்குத் தானே சென்று சேரும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். தமக்குரியதைப் பெறாதிருப்போரைக் கண்டால் சோம்பலே காரணமென்று எளிதிற் கூறிவிடுகின்றனர். இவ்வெண்ணம் பிழையென்பதை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரங் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1834ஆம் ஆண்டில் அந்நாட்டு வறியோர் சட்டம் திருத்தியமைக்கப் பெற்றது. உதவி நாடி வந்தோரை ஏழை விடுதியிற் சேர்த்து, கணவன் மனைவியரைப் பிரித்து, விடுதியுடை அணிவித்து வேலை வாங்கினர். வெளியே உழைத்துண்ணும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வினும் விடுதி வாழ்வு தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கொள்கை. வறியோர் உதவி பெற்றவர் வாக்குரிமையையும் இழந்தனர். அத்தடை 1918இலேதான் நீங்கிற்று. ஆகவே, மானமுள்ள முதியோர் பலர் பட்டினி கிடந்தனரேயன்றி அவ்வாயிலை மிதித்தாரில்லை.

1908இல் முதியோர் உபகாரச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. 70 வயது நிரம்பி, ஆண்டு வருமானம் 21 பவுனுக்கு மேற்படாதவர்க்கு வாரம் 5 ஷில்லிங் என விதிக்கப்பட்டது. 1909 ஜனவரி 1ஆம் தேதி முதல் தபாலாபீஸ்களில் அப்பணம் வழங்கப்பெற்றது. அவ்வாண்டு மார்ச்சு முடிவதற்குள் 6 லட்சத்திற்கு மேற்பட்டோர் இதனைப் பெற்றனர். வறியோர் அதிகாரியின் முன் தலைகுனிந்து நில்லாது, ஊரார் யாவரும் கடிதத்திற்காகச் செல்லும் இடத்திற்கே சென்று பெற்றமையால், அதுகாறும் வறுமையை மறைத்து வாழ்ந்தோரும் வெளிவந்தனர். ஆயினும், 1908 முதல் வறியோர் உதவி பெற்றவரை 1910 முடிவு வரை இச்சட்டம் விலக்கி வைத்தமையால், மிக வறியவரே சிலகாலம் காத்திருக்க நேர்ந்தது.

மானம் ஒரு தடையெனின், அத்தாட்சி மற்றொரு தடையாகும். அயர்லாந்தில் பிறப்புகளைச் சர்க்கார் பதியத் தொடங்கியது 1864இலேதான். எனவே, 1909இல் 70 வயதான ஒருவர்க்கேனும் சர்க்கார் பிறப்புப் பதிவு இல்லை. பழைய 1841, 1851ஆம் ஆண்டுகளின் ஜனத்தொகைக் கணக்குகளைத் தேடிப் பார்த்தனர். 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு வீசிய பெருங்காற்று தமக்கு நினைவிலுண்டு என்று கூறி வயதை மெய்ப்பித்தோரும் உளர். வயது குறைந்த சிலரும் இவ்வழியே நுழைந்தனர் என்ற குறை எழுந்ததுண்டு. ஆயினும், பிறப்புப் பதிவொன்றையே கேட்டிருப்பின் அந்நாட்டில் ஒருவரும் பெற்றிரார்.

1948இல் வறியோர் சட்டம் ஒழிந்து, தேசிய உதவிச் சபை தோன்றிற்று. சட்டம் மறைந்தும் அதன் அச்சம் மறையவில்லை. தகுதியுடைய முதியோர் பலர் விண்ணப்பியாதே இருந்தனர். 1966இல் அவ்வுதவியின் பெயரை மாற்றி, உபகாரச் சம்பளத்தோடு ஒரே புத்தகத்தில் வழங்க ஏற்பாடு செய்தனர். பெறுவோர் தொகை பெருகிற்று. உதவித் தொகையை உயர்த்தியதும் அதற்கொரு காரணமே. 2003இல் ஏழை முதியோர்க்கென வேறொரு திட்டம் வந்தது. அதிலும் பல ஆண்டுகளில் தகுதியுடையோர் மூவரில் ஒருவர் அளவினர் பெறாதே இருந்தனர். வருமானத்தை விசாரித்துக் கொடுக்கும் எவ்வுதவிக்கும் இவ்விடர் உண்டு.

நம் நாட்டு நிலை என்ன? சென்னை இராஜ்யத்தில் ஆதரவற்ற முதியோர்க்கு உதவித்தொகை 1962இல் ஏற்பட்டது. இன்று இ-சேவை மையத்திற்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கவியலாத மூதாட்டியும், வயதுச் சான்றில் பிழை கண்டு திரும்பிய முதியவரும், ஊரார் இகழ்வரோ என்றஞ்சி வாளாவிருக்கும் விதவையும் நம் குலத்திலும் உளர். இவர்களைச் சோம்பரென்பது தகாது.

ஆதலின், ஒவ்வோர் ஊர்க் கிளைச் சங்கத்தாரும் கற்ற இளைஞர் இருவரை இதற்கென நியமித்தல் வேண்டும். அவர்கள் வீடுதோறும் சென்று விசாரித்து, விண்ணப்பம் எழுதி, சான்றுகளைத் திருத்துவித்து, முதியோரை உடனழைத்துச் சென்று திரும்புதல் கடமை. இவ்வுதவி பிச்சையன்று, நாட்டாரின் பொதுப்பணத்தில் அவர்க்குரிய பங்கு என்பதைச் சங்கக் கூட்டங்களில் பெரியோர் எடுத்துரைத்தல் வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே இப்பணி தொடங்கப்பெறும் என நம்புகின்றோம்.