டெக் போனாலும் கெசட் இருக்கிறது

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகும், பதுளை, பசறைப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு டிவி இருந்தாலே பெரிய விஷயம். டெக்கை ஓரிரவு வாடகைக்கு எடுத்து, எல்லோரும் காசு சேர்த்து விடிய விடியப் படம் பார்த்தோம். பிறகு நம் நிக்காஹ், தோட்டத்துத் தேர்த்திருவிழா, பிள்ளைகளின் கலைவிழா எல்லாம் விஎச்எஸ் கெசட்டில் ஏறின.

1976இல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்த முறை அது. கடைசிவரை டெக் தயாரித்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே கடையில் புது டெக் தேடிப் பயனில்லை. டிவிடி பிளேயரில் கெசட் ஓடாது.

வீட்டுக்கு ஒன்று வாங்கவும் வேண்டாம். அன்று போலவே பத்து வீடு காசு சேர்த்து, பழைய டெக் ஒன்றை, கெசட் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே வாங்குவோம். யூஎஸ்பி கெப்சர் கருவியால் கணினிக்கு மாற்றி, இரண்டு பிரதி வைப்போம். வேலை முடிந்ததும் டெக்கை அடுத்த தோட்டத்துக்குக் கொடுப்போம். நம் மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த கெசட்டை அப்படியே போடவேண்டாம். ஹெட்டும் அழுக்காகும், அடுத்த கெசட்டிலும் ஒட்டும்.

மௌத்தாகிப்போன எத்தனையோ வாப்பாமார், உம்மாமாரின் குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. இந்த விடுமுறைக்குள் அலுமாரியைத் திறந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.